நிறுத்தும் பொத்தான்

ஹாப்சாலுவில் நவம்பர்.
நாலு மணிக்கே இருட்டு.
ஜன்னலுக்கு வெளியே விரிகுடா
உறையலாமா வேண்டாமா என்று
இன்னும் முடிவெடுக்கவில்லை.

இந்த்ரெக் என் வலக்கையை எடுத்து
இயந்திரத்துக்குள் படுக்க வைக்கிறான்.
முழங்கைக்கு ஒரு பட்டை, மணிக்கட்டுக்கு ஒன்று,
விரல்களுக்கு ஐந்து சின்னத் தொப்பிகள்.

பதினோரு வருடம்
மூகா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன்.
முப்பது டன் பெட்டியை
முட்டை வைப்பதுபோல் இறக்கி வைப்பேன்,
இரண்டு விரல் அசைவில்.
இப்போது சுமை மூன்றரைக் கிலோ:
என் கை.
ஓட்டுவது யாரென்றுதான் தெரியவில்லை.

திரையில் ஒரு ஆப்பிள் மரம்.
பறித்துக் கூடையில் போட வேண்டும், நாற்பது பழம்.
ஒன்றும் அழுகாது. ஒன்றுக்கும் எடை இல்லை.
நீளு என்று நினைக்கிறேன்.
நீளுகிறது.
அடடா என்று மனம் துள்ளி முடிப்பதற்குள்
மூலையில் கணக்கு வருகிறது:
இயந்திரம் எண்பத்தொன்பது, மாரிகா பதினொன்று.

அந்தப் பதினொன்று எங்கிருந்து வந்தது?
பல்லைக் கடித்ததிலிருந்தா?
தோளைத் தூக்கி ஏமாற்றினால்
மெல்ல ஒரு 'பீப்' அடித்துக் காட்டிக்கொடுக்கும்.
என் முதல் கணவனுக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது என்றேன்.
சிரிக்கலாமா என்று யோசித்துவிட்டுச்
சிரித்தான் இந்த்ரெக்.

நடுக்கோடை இரவு, கரையில் தீ,
கையில் நாலாவது பீர்.
படகுத்துறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தேன்.
தண்ணீர் இடுப்பளவு.
முறிந்தது கழுத்து.
வருகிறவர்கள் எல்லாரும்
இதை நீளமாகக் கேட்க விரும்புகிறார்கள்.
நீட்ட அதில் ஒன்றுமில்லை.

யாரும் கேட்காதது மூக்கு அரிப்பு.
நள்ளிரவு இரண்டு மணிக்கு அரித்தால்
தலையணையில் தேய்த்துக்கொள்வேன், குதிரை மாதிரி.
பக்கத்துக் கட்டிலில் வீர்வே,
மர லாரியிலிருந்து விழுந்தவள்,
"எந்தப் பக்கம்?" என்று இருட்டில் கேட்பாள்.
அவளாலும் எழ முடியாது.
சும்மா கேட்பாள்.

இயந்திரத்திலிருந்து ஒரு வயர் நீண்டு
நுனியில் சிவப்புப் பொத்தான், காளான் தலை.
என் கிரேனிலும் இதே பொத்தான்.
பதினோரு வருடத்தில் இரண்டு முறை அழுத்தினேன்,
பெட்டிக்கடியில் நடந்த ஒருவனுக்காக,
அப்புறம் ஒரு பூனைக்காக.
இங்கே அது இந்த்ரெக்கின் உள்ளங்கையில்.
வலித்தால் சொல், நிறுத்துகிறேன் என்பான். நல்லவன்.
ஆனாலும்
நிறுத்துவது அடுத்தவன் கையில் இருந்தால்
தூக்கிப்போவதற்குப் பெயர் உதவி இல்லை,
கடத்தல்.

மூன்று வாரத்தில்
பதினொன்று பதினாலானது,
ஒன்பதுக்குச் சறுக்கியது, பதினேழில் உட்கார்ந்தது.
மணிக்கட்டை மேலே வளைத்தால்
விரல்கள் தாமாக மடங்குகின்றன,
நரம்பைக் கேட்காமலே தசைநார் செய்யும் தந்திரம்.
"பழைய கை வராது, மாரிகா.
இதை வைத்துத்தான் ஒரு கரண்டி, ஒரு சாவி."

வெள்ளிக்கிழமை அவனுக்குச் சளி.
தும்மல் மேல் தும்மல்.
பொத்தானை என் மடிப்பலகையில் வைத்துவிட்டுக்
கைக்குட்டை தேடினான்.

என் இடக்கை,
எந்த இயந்திரமும் கட்டாத கை,
தோளிலிருந்து ஆடிப் போய் விழுந்தது.
முதலில் பலகையில்.
பிறகு பொத்தானின் விளிம்பில்.
பிறகு

ஆப்பிள் அந்தரத்தில் நின்றது.
மோட்டார் ஒலி அறுந்ததும்தான்
அது இவ்வளவு நாளும்
ஒலித்துக்கொண்டிருந்தது தெரிந்தது.

"வலித்ததா?"
இல்லை.
"பின்னே?"
சொல்லத் தெரியவில்லை.
மறுபடி கிளம்ப நாலு நிமிடமாகும்,
காரணம் கேட்டுப் படிவம் வேறு வரும்,
வலி, கோளாறு, மற்றவை.
மற்றவை என்பதைத் தொட்டுவிட்டு
மூக்கைச் சிந்தினான்.
நாலு நிமிடமும்
என் கை எங்கே நின்றதோ அங்கேயே இருந்தது.
பிறகு மீண்டும் ஆப்பிள், மீண்டும் பதினாறு, பதினேழு.

இரவு வீர்வேயிடம் சொன்னேன்.
கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.
தூங்கிவிட்டாள் போல என்று நினைத்தபோது
இருட்டில் கேட்டாள்:
"எந்தக் கை?"